இன்னும் ரெண்டே வருஷம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தணிகாசலம் வீட்டு பேஸ்மென்ட்டில் நாங்கள் எட்டுப் பேர் கூடி அமெரிக்காவின் புதிய அமைச்சரவையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். நிதிக்கு வந்தவர் சரியில்லை. சுகாதாரத்துக்கு வந்தவருக்கு மாத்திரை என்றாலே பிடிக்காது. கல்விக்கு வந்தவர் பள்ளிக்கூடங்களை மூடச் சொல்லிப் புத்தகம் எழுதியவர். பிரியாணி ஆறுவது தெரியாமல் அத்தனை சூடாகப் பேசினோம். எட்டுப் பேரில் ஓட்டு இருந்தது தணிகாசலத்துக்கு மட்டும்தான். மற்ற ஏழு பேரும் விசாவில் இருப்பவர்கள். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

நான் வேணி. சார்லட் நகரத்துப் புறநகரில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. கணவர் சிவநேசனோடும், அப்போது ஒன்பது வயதான மகள் ஆதிரையோடும் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. கிரீன் கார்டு வரிசையில் எங்கள் முறை வர இன்னும் அறுபத்து நான்கு வருடம் என்று அரசாங்க வலைத்தளம் காட்டியது. எனக்கு வயது நாற்பத்தாறு. நூற்றுப் பத்தாவது வயதில் நான் நிரந்தரமாகக் குடியேறலாம். சிரிக்கலாம்தான். ஆனால் ஆதிரைக்கு அடுத்த மார்ச்சில் இருபத்தொரு வயது முடிகிறது. அதற்குமேல் அவள் எங்கள் விசாவில் தொங்க முடியாது. நர்சிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்த ஒரு தேதிதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

குடியேற்றத்துக்கென்று அந்த முறை புதிதாக ஒரு துறையையே உருவாக்கியிருந்தார்கள். அதற்குச் செயலராக அதிபர் அறிவித்த பெயர் ரேணுகா வின்ஸ்லோ.

"அவங்க அம்மா தூத்துக்குடிங்க! நம்ம பொண்ணு!" என்றார் தணிகாசலம், ஏதோ அவரே பெண் பார்த்து முடித்தவர் போல. "இனிமே பாருங்க, நம்மாளுங்களுக்கு விடிவுகாலம்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்றார் சிவநேசன். "சட்டப்படி வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னீங்க. அப்புறம் உங்க ஆபீஸ்லயே மூணு பேர மூட்டை கட்டச் சொன்னாங்க."

"அது அவங்க பேப்பர்ல ஏதோ தப்புங்க."

"நாளைக்கு எங்க பேப்பர்லயும் ஏதோ தப்பு இருக்கும்."

"நேசன், நீங்க எல்லாத்தையும் சந்தேகமாவே பாக்கறீங்க. திட்டத்தப் படிச்சீங்களா மொதல்ல? இனிமே வரிசையே கிடையாது. நம்ம மெசேஜ், மெயில், போன்ல பேசுனது, இங்க வந்த நாள்லருந்து எல்லாத்தையும் அவங்ககிட்ட குடுத்துடணும். அத வச்சு நம்மள மாதிரியே ஒரு ப்ராக்ஸி, அதாவது பதிலி, செய்வாங்க. நம்ம குரல், நம்ம பேச்சு, நம்ம மனசு. ஒரு கேள்விக்கு நாம என்ன சொல்லுவமோ அதையேதான் அதுவும் சொல்லும். அந்தப் பக்கம் அதிகாரியும் மெஷினு. ரெண்டும் பேசிக்கும். ஒம்போது செகண்ட்ல இன்டர்வியூ முடிஞ்சுது."

"நாங்க அங்க இருக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நீங்க எதுக்குங்க? நேர்ல போனா பயத்துல உளறிருவோம். அது உளறாது."

"தோத்துட்டா?"

"அறுபது நாள்ல கிளம்பணும். ஆனா நம்மாளுங்க ஏங்க தோக்கப் போறாங்க? வரி கட்டறோம், சிக்னல்ல நிக்கறோம்."

அந்த வாரம் நடந்த செனட் விசாரணையின் பதிவைப் பெரிய திரையில் ஓடவிட்டார். ரேணுகா வின்ஸ்லோ நல்ல நீல உடையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வயதான செனட்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்மையாரே, அந்த மனிதர் ஒன்று சொல்கிறார், அவருடைய பதிலி வேறொன்று சொல்கிறது. நீங்கள் யாரை நம்புவீர்கள்?"

"பதிலியை" என்றார் அவர். "அதிகாரியிடம் மனிதர்கள் பொய் சொல்வார்கள். பெற்றவர்களிடம் பேசும்போது சொல்ல மாட்டார்கள். பதிலி அந்தப் பேச்சிலிருந்து செய்யப்பட்டது."

பேஸ்மென்ட்டில் கைதட்டல் எழுந்தது. குடும்பப் பாசம் தெரிந்த பெண், வளர்ப்பு அப்படி என்றார்கள். நானும் தட்டினேன். எட்டுத் தமிழர்கள் இருந்த அறையில் ஒருவருக்குக்கூட அந்த வாக்கியம் உறைக்கவில்லை. எட்டுப் பேரும் அன்று காலைதான் ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சிவநேசன் சொன்னார். "வேணாம் வேணி. நம்ம பேசுனத எல்லாம் இன்னொருத்தன் கையில குடுக்கறது சரியாப் படல."

"நாம என்ன குண்டு வைக்கவா பேசுனோம்? குழம்புக்குப் புளி எவ்வளவுன்னு பேசுனோம். எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"அதுக்கில்ல..."

"மார்ச்சுக்கு வேற வழி வச்சிருக்கீங்களா?"

விசா என் பெயரில் இருந்தது. அதனால் என் பதிலி சொல்வதுதான் மூன்று பேருக்கும். ரேணுகா வின்ஸ்லோவை செனட் ஐம்பத்திரண்டு ஓட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே நான் விரல் வைத்து ஒப்புதல் கொடுத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. நிராகரிப்பு. கீழே, பதிலியின் நேர்காணல் எழுத்தில் இருந்தது. ஆங்கிலத்தில்தான் இருந்தது, ஆனால் வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்டது.

இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ விரும்புகிறீர்களா?

இல்லை. இன்னும் இரண்டே வருடம். மகள் படிப்பு முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுவோம்.

இதை யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?

அப்பாவிடம்.

எத்தனை முறை?

நானூற்றுப் பன்னிரண்டு முறை.

அப்பாவிடம் பொய் சொல்வீர்களா?

மாட்டேன்.

அவ்வளவுதான். வேறு கேள்வியே இல்லை. சட்டப்படி, நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இல்லாதவருக்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை எதற்கு? அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதாக அது சொன்னதிலும் இல்லை. நானே அந்த நாற்காலியில் இருந்து, பக்கத்து அறையில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தால், அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா சங்கரலிங்கம், அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். அம்மா போனபிறகு தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு நான் அழைப்பேன், அங்கே மாலையாகியிருக்கும். முட்டி வலி, மின்சாரம், யார் செத்தார், யார் வீடு கட்டுகிறார். எல்லாம் பேசி முடித்ததும் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியை எதையாவது போட்டு அடைக்க வேண்டும். "இன்னும் ரெண்டே வருஷம்பா, வந்துருவோம்" என்பேன். "சரி தாயி" என்பார். பிறகுதான் போனை வைக்க முடியும். இதைப் பொய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உண்மை என்றும் நினைத்ததில்லை. இங்கே இருக்கும் எல்லாரும் சொல்வதுதான்.

எல்லாரும் சொல்வதுதான் என்பது அடுத்த சில வாரங்களில் தெரிந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் விண்ணப்பித்த நாற்பத்தேழு குடும்பங்களில் நாற்பத்துமூன்றுக்கு இதே பதில். ஒருவருடைய பதிலி பையன் கல்யாணம் முடிந்ததும் என்றது. இன்னொருவருடையது வீட்டுக் கடன் அடைந்ததும் என்றது. எல்லாம் அப்பா அம்மாவிடம் சொன்னவை. துறை ஓர் அறிக்கை வெளியிட்டது: "நாங்கள் யாரையும் வெளியேற்றவில்லை. அவர்கள் தங்கள் சொந்த விருப்பப்படியே வீடு திரும்புகிறார்கள்." அதைப் படித்துவிட்டு சிவநேசன் ஒரு மணி நேரம் காரில் போய் உட்கார்ந்திருந்தார்.

தணிகாசலம் ஒரு பாத்திரம் நிறைய வத்தக்குழம்போடு வந்தார். "பேப்பர்ல ஏதோ தப்பு இருக்கும்ங்க, வக்கீலப் பாருங்க" என்றார். பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல் டெபோரா க்ளைன் சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

"மேல்முறையீட்டில் ஒரே ஒரு வழி இருக்கிறது" என்றார். "அந்த வாக்கியத்தை யாரிடம் சொன்னீர்களோ, அவர் சாட்சி சொல்லலாம். 'என் மகள் ஆறுதலுக்குச் சொன்னாள், நான் அதை நம்பவே இல்லை' என்று அவர் சொன்னால் போதும். அந்த நானூற்றுச் சொச்சம் வாக்கியங்களையும் நீக்கிவிட்டுப் பதிலியை மறுபடி செய்வார்கள். மறுபடி நேர்காணல். அதில் நீங்கள் ஜெயிப்பீர்கள். உங்கள் மற்ற பேச்செல்லாம் இந்த ஊரைப் பற்றித்தான்."

"அப்பாவை யார் கேட்பார்கள்?"

"அதே இயந்திர அதிகாரி. உங்கள் மொழியிலேயே பேசும்."

"நான் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லலாமா?"

"என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தரக் கூடாது. இனி உங்கள் அழைப்பு எல்லாம் வழக்கின் பதிவு. ஆனால் உண்மையைச் சொல்லலாம். 'இத்தனை வருடமும் உங்களிடம் பொய் சொன்னேன்' என்று நீங்களே அவரிடம் சொன்னால், அது சொல்லித் தருவதாகாது. அது ஒப்புதல். சொல்லுங்கள். ஒரு வாக்கியம்தானே?"

அவருக்கு அது ஒரு வாக்கியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆதிரை எழுந்து வந்து சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். கல்லூரி விடுதியிலிருந்து முந்தின நாள் வந்திருந்தாள்.

"அம்மா, சொல்லிடுவேல்ல?"

"சொல்றேன்டி."

"சுத்தி வளைக்காத. தாத்தா, நான் பொய் சொன்னேன், நாங்க வரமாட்டோம். அவ்ளோதான். அவரு அழுவாரு. நானே அப்புறம் பேசி சமாதானம் பண்றேன். ஆனா எனக்கு இங்கதாம்மா எல்லாமே இருக்கு. நான் அங்க போயி என்ன பண்ணுவேன்? எனக்கு அந்த ஊர்ல ரோடு க்ராஸ் பண்ணக்கூடத் தெரியாது."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

எட்டரைக்கு அழைத்தேன். அப்பா குரல் தெளிவாக இருந்தது. கண் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. சுவரில் இருக்கும் காலண்டரில் நல்ல நேரம்கூடத் தெரிகிறது என்றார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தாயி. ஆமா, ஒனக்குத் தெரியுமா? ரைஸ்மில்லு பரமசிவம் மகன் துபாயிலருந்து ஒரேயடியா வந்துட்டான். டீக்கடையில அவுக அப்பனுக்கு ஒரே பெருமை. நான் விடுவனா? எம்மகளும் இன்னும் ரெண்டு வருசத்துல வந்துருவாய்யா, அவளும் இங்கதான் இருக்கப் போறான்னு சொல்லிட்டேன். எல்லாரும் வாய மூடிக்கிட்டானுக."

ஆதிரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா..."

"என்னத்தா?"

நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வாக்கியம். எழுபத்து நான்கு வயதில் ஒரு மனிதர் டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை அங்கிருந்து எழுப்பிவிட்டு என் மகளை இங்கே உட்கார வைக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்காக எதையும் செய்வேன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அதுவும் பேச்சுதான் போல.

"உங்களுக்கு ஒரு போன் வரும்பா. அமெரிக்க ஆபீஸ்லருந்து. தமிழ்லயே பேசும். என்னயப் பத்திக் கேக்கும். மனசுல உள்ளதச் சொல்லுங்க. நான் உங்ககிட்ட பேசுறதெல்லாம்... அத நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்களோ அத அப்படியே சொல்லுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். ஆபீசருகட்ட எப்படிப் பேசணும்னு எனக்கா தெரியாது? நீ கவலப்படாத."

வழக்கமான அந்த இடைவெளி விழுந்தது. நான் எதையும் போட்டு அடைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி தாயி" என்று வைத்துவிட்டார்.

"நீ சொல்லல" என்றாள் ஆதிரை.

"மனசுல உள்ளதச் சொல்லுங்கன்னு சொன்னேன்ல? அவருக்குப் புரியும்."

"நீ சொல்லலம்மா." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாவியை எடுத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

இரண்டாவது முடிவு வியாழக்கிழமை வந்தது. அப்பாவின் சாட்சியத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் தமிழிலேயே இணைத்திருந்தார்கள். அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வருவதாக உங்களிடம் சொன்னதுண்டா?

உண்டுங்கய்யா.

அதை நீங்கள் நம்பினீர்களா?

நம்பாம? எம்மக ஒண்ணு சொன்னா சொன்னபடி செய்வா.

அவர் உங்களிடம் எப்போதாவது பொய் சொன்னதுண்டா?

ஒரு நாளும் கிடையாதுங்க. ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. நாங்க அவள அப்படி வளக்கல.

அறுபது நாள்.

சிவநேசன் கணினியைத் திறந்து விமான டிக்கெட் பார்க்க உட்கார்ந்தார். வீட்டைக் காலி செய்ய ஆள் வைத்தோம். ஆதிரை விடுதியைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டியோடு வந்தாள். அவள் கல்லூரிப் பதிவாளர் மிகவும் வருத்தப்பட்டாராம். அதுவரை படித்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார். அதை வைத்து இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது, முதலிலிருந்துதான் என்று ஏற்கெனவே விசாரித்திருந்தாள். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். டேப் எங்கே, கத்தரிக்கோல் எங்கே. அவ்வளவு.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு அப்பாவை அழைத்தேன். கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். எதிரில் ஆதிரை புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாங்க வர்றோம். அடுத்த மாசம் இருபத்திரண்டாந்தேதி. மூணு பேரும். ஒரேயடியா."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி தாயி, சரி."

"நெசமாப்பா. டிக்கெட்டே போட்டாச்சு."

"ஏத்தா, எங்கிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்றார். குரலில் கோபமே இல்லை, செல்லமாகக் கேட்டார். "முப்பத்தொரு வருசம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன்னு சொல்லிக்கிட்டே கடைசி வரைக்கும் வர்றவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீ போன மொத வருசமே தெரியும், வரமாட்டேன்னு. என் மனசு ஆறட்டும்னு சொல்லுத. நானும் கேட்டுக்கிடுதேன். அவ்வளவுதான. இப்பத் தேதி வேற போட்டுச் சொல்லுத."

ஆதிரையின் கை புத்தகத்தின்மேல் அப்படியே நின்றது.

"தெரியுமா?" என்றேன். "தெரிஞ்சா... பின்ன ஏன்ப்பா அந்தாளுகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நான் பொய்யே சொல்லமாட்டேன்னு. நீங்க நம்புறதா."

"வேற எப்படிச் சொல்லணும்ங்குத? அவன் யாரு, சர்க்கார் ஆளு. உம்மக பொய் சொல்லுவாளான்னு எங்கிட்டயே கேக்கான். ஆமாய்யா, வாரா வாரம் சொல்லுதான்னு சொல்லுவனா? அந்நியன்கிட்ட ஒன்ன விட்டுக்குடுப்பனா நானு?" கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரல் இறங்கியது. "ஏன் தாயி, தப்பாயிருச்சா? நான் எதும் மாத்திச் சொல்லிட்டனா?"

ஆதிரை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு வாரமாக என்னைப் பார்க்காதவள். சொல்லு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இல்லப்பா" என்றேன். "நல்லாத்தான் சொன்னீங்க."